மாதுளைக்குப் பதில் ஸ்ட்ராபெர்ரி

அமெரிக்காவின் வடகோடியில், டுலூத் ஊரின் ஒரு சின்ன நூலகத்தில் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொள்பவள் இங்க்ரிட். பத்துப் பழங்கதைகளைப் பிள்ளைகளுக்காகத் திருப்பிச் சொல்லும் புத்தகம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்பது கதைகளுக்கு ஒருவழியாகப் பதிப்பகம் தலையாட்டிவிட்டது. அவர்கள் கேட்டபடி அவற்றில் ஓநாய் யாரையும் விழுங்கவில்லை. மாற்றாந்தாய் மன்னிப்புக் கேட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு இங்க்ரிட் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டாள். பத்தாவதைத்தான் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அது கிரேக்கக் கதை. பயிர்களின் தேவதைக்கு ஒரே மகள். அவளைப் பாதாள ராஜா தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். தாய் பூமியைக் காயவிட்டு மகளைத் தேடி அலைகிறாள். கீழே எதையாவது தின்றவர் முழுசாக மீள முடியாது; நாலு மாதுளை முத்தைத் தின்றுவிட்டதால் மகள் வருஷத்தில் சில மாதம் அங்கே, மீதி மாதம் தாயிடம் என்று தீர்ப்பாகிறது. தாய் தனித்திருக்கும் மாதங்கள்தான் குளிர்காலம்.

ஐந்தாவது முறையாகத் திருத்தி அனுப்பியதைப் படித்துவிட்டு, ஆகஸ்ட் முதல் வாரத்தில் பதிப்பாசிரியை கோர்ட்னி போன் செய்தாள்.

"ரொம்ப நல்லாருக்கு இங்க்ரிட். நெசமாவே."

இப்படித் தொடங்கினால் பின்னால் ஒரு திருத்தம் வரும் என்று இங்க்ரிட்டுக்குத் தெரியும். "ஆனா?"

"அந்த மாதுளைதான். பாதிப் பிள்ளைங்களுக்கு அது என்னன்னே தெரியாது. ஸ்ட்ராபெர்ரின்னு வச்சுக்கலாமே?"

"பாதாளத்துலயா? வெயிலே படாத இடத்துல ஸ்ட்ராபெர்ரியா?"

"கதைதானே! அப்புறம், தூக்கிட்டுப் போறதெல்லாம் வேண்டாம். மாமா வீட்டுக்கு விருந்துக்குப் போறான்னு இருக்கட்டும்."

"விருந்துக்குப் போன பொண்ணுக்காகவா ஊரையே பட்டினி போடுவா ஒருத்தி?"

"பட்டினியும் வேண்டாம்னுதான் சொல்ல வந்தேன். கடைசில ரெண்டு பேரும் நிரந்தரமா சேர்ந்துடட்டும்."

"அப்ப குளிர்காலம் எப்படித்தான் வருது?"

"அது தானா வரட்டுமே!"

வருஷத்தில் ஆறு மாதம் காரைப் பனியிலிருந்து தோண்டியெடுக்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது? இங்க்ரிட் போனை வைத்தாள்.

சாப்பாட்டு மேஜையில் மகள் லினியா கார்ன்ஃப்ளேக்ஸ் கிண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தக் கதையைப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்து வயது. பள்ளி நடக்கும் மாதங்களெல்லாம் தெற்கே வெயில் ஊரான டூசானில் அப்பா டேலுடன். கோடைக்கு மட்டும் இங்கே. மூன்று வருஷமாக, நீதிமன்றம் சொன்னபடி.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு வாயே தொறக்கல."

"என்னது?"

"ஆறு பக்கம். அம்மா அழறா, சாபம் விடறா. ராஜா பேசறான். பெரியவங்கல்லாம் கூடி இத்தனை மாசம் இங்க, இத்தனை மாசம் அங்கன்னு பங்கு போடறாங்க. அவளை ஒருத்தர் கேக்கல."

"பழைய கதையிலயே அப்படித்தான் இருக்கு."

"அப்ப பழைய கதையும் தப்பு."

"நீயும் ஆரம்பிச்சிட்டியா? எல்லாரும் சேர்ந்து திருத்துங்க! நான் எதுக்கு எழுதணும்?"

லினியா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இங்க்ரிட் அந்த ஆறு பக்கத்தையும் மறுபடி படித்தாள். பிள்ளை சொன்னது சரிதான். அதுவே இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் போய்க் கதவைத் தட்டினாள்.

"லினியா, கீழ இருக்கும்போது அவ என்னடா நெனச்சிருப்பா?"

கதவு திறக்கவில்லை. குரல் மட்டும் வந்தது. "எங்க இருந்தாலும் இன்னொருத்தர் பாவம்னு தோணும். சிரிச்சாக்கூடத் தப்புப் பண்ண மாதிரி இருக்கும்." பிறகு, "அங்க ஒரு நாய் இருக்கு. அதை அவளுக்குப் பிடிக்கும்" என்றாள்.

டேல் நாய் வளர்ப்பது இங்க்ரிட்டுக்கு அன்றுவரை தெரியாது.

அந்த வார்த்தைகளை அப்படியே கதையில் வரும் மகளின் வாயில் வைத்து எழுதி அனுப்பினாள். மறுநாளே கோர்ட்னியிடமிருந்து பதில் வந்தது: 'குரல் அருமை. ஆனால் சோகம் அதிகம். நாயை மட்டும் வைத்துக்கொள்வோமா?'

இங்க்ரிட் உடனே பதில் எழுத உட்கார்ந்தாள். கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரே வரியில் எழுதிவிட்டு, வெற்றியோடு லினியாவிடம் சொன்னாள்.

"எடுத்துட்டியா? அதுல பாதி நான் சொன்னதுதானே? என்னைக் கேட்டியா?"

இங்க்ரிட் கேட்கவில்லைதான். உடனே கோர்ட்னிக்கு போன் செய்து, நாயாவது இருக்கட்டும், போடுங்கள் என்று கெஞ்சினாள். அந்த இடத்தில் வேறொருவரின் கோழிக்கதை ஏறிவிட்டதாம், ஓவியருக்கும் சொல்லியாகிவிட்டதாம்.

ஆகஸ்ட் கடைசியில் லினியா விமானம் ஏறினாள். மார்ச் மாதம் புத்தகம் வந்தது. பக்கங்களைப் புரட்டக்கூட இங்க்ரிட்டுக்குப் பிடிக்கவில்லை. அன்று மாலை டூசானுக்கு போன் செய்தாள்.

"நம்ம கதை அதுல இல்லடா. என் தப்புதான்."

"பரவால்லம்மா," என்றாள் லினியா, பெரியவர்கள் சொல்வதைப் போலவே. அப்பா கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.