வடவைக் குதிரை ஏரியில் இருந்த மூன்று வருஷம்

தோணிரேவுக் குப்பத்து அங்காளம்மாளின் கோபம் ஏரியில் இறங்கிய பிறகு மூன்று வருஷம், பழவேற்காட்டில் இறால் அவிக்க யாரும் விறகு தேடவில்லை. வலையை இழுத்தால் இறால் சிவந்து, வெந்தே வந்தது. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல் என்று சிலர் குறைப்பட்டார்கள்.

உலாந்தாக்காரர்கள் என்கிற டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி ஐம்பது வருஷம் ஆகியிருந்த காலம் அது. அங்காளம்மாளும் அவள் புருஷன் தருமனும் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, ஓலைப் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றை விரலால் துழாவுவார்கள். மழை பொய்த்த வருஷம் மாசி மாதத்தில் ஆள்பிடிக்கும் தரகன் சகாதேவன் வந்தான். கடலில் நிற்கும் ஒரு கப்பலுக்குத் துணிக்கட்டு ஏற்ற வேண்டும், ஒரு நாள் வேலை, கூலிக்கு அரிசி என்று சொல்லி ஏழு பேரைக் கூட்டிப் போனான். தருமனும் அதில் ஒருவன். எந்தக் கொடி என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாத அந்தக் கப்பல் மத்தியானமே பாய் விரித்துவிட்டது. சாயங்காலம் அவர்கள் ஏறிப் போன படகு ஆளில்லாமல் முகத்துவாரத்துக்குள் வந்து மணலில் தட்டி நின்றது. "அவனுங்களா இஷ்டப்பட்டுத்தான் போனானுங்கோ, நான் இன்னா பண்றது?" என்றான் சகாதேவன்.

மற்ற ஆறு வீடுகளிலும் அழுதார்கள். அங்காளம்மாள் அழவில்லை. மூன்றாம் நாள் அவள் ஏரியிலிருந்து ஏறியபோது, கரையில் கால் வைப்பதற்குள் புடவை காய்ந்துவிட்டது. எட்டாம் நாள் அவள் படுத்திருந்த பாய் கருகியது. பிறகு, நாலு மாதக் குழந்தை கஸ்தூரியை அவளால் தூக்க முடியாமல் போனது. மார்பில் பால் கொதித்தது. தருமனின் அக்கா முனியம்மாளுக்கும் கைக்குழந்தை இருந்ததால் இரண்டுக்கும் அவளே பால் கொடுத்தாள். அங்காளம்மாள் பத்தடி தள்ளி நின்று பார்ப்பாள். அதற்குமேல் நெருங்கினால் குழந்தையின் கன்னம் கொப்பளிக்கும்.

சகாதேவன் நெசவாளர் தெருவின் நட்டநடுவே ஒரு வீட்டில் போய்ப் புகுந்துகொண்டான். எல்லாம் கூரை வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டியவை. அவனைத் தொட வேண்டுமானால் முப்பது வீடு எரிய வேண்டும். தினமும் காலையில் அங்காளம்மாள் தெருமுனைக்குப் போய் நிற்பாள். முதல் வீட்டு ஓலை புகையத் தொடங்கியதும் திரும்பிவிடுவாள். நெசவாளர்கள் வாசலில் குடம் குடமாகத் தண்ணீர் வைத்திருந்தார்கள். நனைத்த நூலை அவள் வரும் நேரம் பார்த்து உலர்த்தியவர்களும் உண்டு. கோட்டையிலிருந்து ஓர் ஆள் வந்து, வெடிமருந்துக் கொட்டகைக்கு நானூறு அடிக்குள் அவள் வரலாகாது என்று மரியாதையாகச் சொல்லிப் போனான். ஆனால் ஒவ்வொரு நாளும் அவள் ஓரடி கூடுதலாகத் தெருவுக்குள் போய்க்கொண்டிருந்தாள். தெருமுனையோடு தன்னை நிறுத்திக்கொள்ள முடியவில்லை என்று முனியம்மாளிடம் சொன்னாள்.

அப்போது பெருமாள் கோயிலில் கேசவாச்சாரி என்பவர் பாரதம் வாசித்துப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது வயது, பயந்த சுபாவம். மதிலுக்கு வெளியே அவள் நின்று கேட்டதில் ஏட்டுச்சுவடியின் ஓரம் சுருளவே, அவரே வெளியே வந்து மிச்சக் கதையைச் சொல்லி முடித்தார். பிருகு வம்சத்தைக் கருவில் இருந்த சிசுக்கள்வரை அரசர்கள் கொன்றார்கள். ஒருத்தி மட்டும் தன் கருவைத் தொடைக்குள் ஒளித்துக் காப்பாற்றினாள். அப்படிப் பிறந்த ஔர்வனின் கோபம் மூன்று உலகத்தையும் எரிக்கக் கிளம்பியது. செத்துப்போன பிதிர்களே வந்து, வேண்டாமப்பா, அதைத் தண்ணீரில் விட்டுவிடு என்றார்கள். விட்டான். அது பெட்டைக் குதிரையின் முகத்தோடு கடலைக் குடித்துக்கொண்டிருக்கிறது. வடவைத் தீ என்று பெயர்.

"அந்தக் குதிர இன்னும் கீதா சாமி?"

"இருக்குன்னுதான் எழுதியிருக்கு."

"அப்போ கோவம் சாவல."

"சாகலம்மா. இடம்தான் மாறினது."

மறுநாள் உச்சிவேளையில் அங்காளம்மாள் கழுத்தளவு தண்ணீரில் போய் உட்கார்ந்தாள். கரையில் ஊரே நின்றது. எப்படி விட்டாய் என்று பிற்பாடு கேட்டவர்களிடம், வாந்தி எடுக்கிற மாதிரி இருந்தது என்று மட்டும் சொன்னாள். ஏரி ஒரு தரம் பொங்கி அடங்கியது. நடு ஏரியில் தோணி நீளத்துக்கு ஒரு குதிரைத் தலை எழும்பி, மூக்கால் நெருப்பை விட்டு, தண்ணீர் குடிக்கத் தொடங்கியது.

அவள் ஈரப் புடவையோடு ஓடிப்போய்க் கஸ்தூரியைத் தூக்கினாள். குழந்தை முனியம்மாளைப் பார்த்துக் கையை நீட்டி வீறிட்டது. "அழட்டும் வுடு, நாலு நாள்ல தெரிஞ்சுக்கும்" என்றாள் முனியம்மாள். அப்படியே ஆனது. ஆனால் கோபத்தோடு சேர்ந்து, அதுவரை மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த தருமனின் குரலும் தன்னிடமிருந்து போய்விட்டதை அங்காளம்மாள் அன்று மாலையே கண்டுகொண்டாள். குதிரைக்குப் பக்கத்தில் போனால்தான் அது காதில் வந்தது. ஆகவே தினமும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரைக்குப் போய் உட்கார்ந்தாள்.

குதிரைக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வடக்கே போகும், தெற்கே வரும், முகத்துவாரம்வரை போய்க் கடலை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பும். எங்கே போவது என்று அதற்குத் தெரியவில்லை. அந்த மூன்று வருஷமும் ஏரியைச் சுற்றி யாருக்கும் ஒரு வேலையில் மனம் நிலைக்கவில்லை. விரித்த வலையை உடனே எடுத்தார்கள், கட்டின குடிசையைப் பிரித்து நாலடி தள்ளிக் கட்டினார்கள். காட்டூரில் ஒரே வயலில் இரண்டு தரம் நாற்றைப் பிடுங்கி நட்டார்கள். நீர்மட்டம் ஒரு முழம் இறங்கியது.

அதிகம் அலைக்கழிந்தவன் சகாதேவன். அவன் ஏறிய தோணியெல்லாம் சூடானது. உட்கார்ந்த இடத்தில் அவனால் ஒரு வாய் சோறு தின்ன முடியவில்லை. மூன்றாம் வருஷம் ஆனியில், பட்டப்பகலில், அவன் தானாகவே கரைக்கு வந்து அங்காளம்மாளின் முன்னால் நின்றான்.

"என்ன எரிச்சுப்புடு" என்றான்.

"உன்ன எரிக்க எங்கிட்ட இன்னா கீது? தோ, அங்க நிக்குது. எங்க வித்தேன்னு அதுகிட்ட சொல்லு."

அவன் முழங்கால் ஆழம் இறங்கினான். தோல் வெந்தது. நின்றபடியே, "பத்தாவி. கெழக்க, சாவகத் தீவு. கோட்டச் சுவர் கட்டற வேலைக்கி" என்று உரக்கச் சொன்னான். குதிரை காதை நிமிர்த்தியது. அங்காளம்மாள் எழுந்து நின்று, ஏழு பேரின் பெயரையும், அவரவர் அப்பன் பெயரையும் சேர்த்து ஒவ்வொன்றாகக் கூவினாள். தருமனின் பெயரைக் கடைசியில் சொன்னாள். குதிரை திரும்பி, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குள் போனது. சகாதேவன் அதன்பின் சாகும்வரை நொண்டியே நடந்தான்.

அடுத்த வருஷம் முழுக்க இறால் பச்சையாகவே கிடைத்தது. அதற்கடுத்த பங்குனியில், ஒருநாள் காலை, முகத்துவாரத்துக்கு எதிரே கடல் இரண்டாக விலகிக் கிடந்தது. நடுவில் தெரு அகலத்துக்குத் தரை. அதில் ஐந்து பேர் நடந்து வந்தார்கள். மீதி இருவரில் ஒருவன் அங்கேயே செத்துவிட்டான், இன்னொருவன் அங்கே பெண் கட்டிக்கொண்டு வர மறுத்துவிட்டான். வந்தவர்களில் தருமன் நாலாவது ஆள். தலை நரைத்து, முழங்கால்வரை சேறு அப்பியிருந்தது.

"வழி நெடுக ஒரு குதிர தண்ணியக் குடிச்சிகினே முன்னால போச்சு. நாங்க பின்னாலயே வந்துட்டோம். நூத்தியெழுபது நாள்" என்றான்.

"குதிர எங்க?"

"கரை தெரிஞ்சதும் நின்னுடுச்சு. நீங்க போங்கன்ற மாதிரி தலைய ஆட்டுச்சு."

அந்தக் குரலைக் கேட்டதும்தான் அங்காளம்மாள் அழுதாள். ஐந்து வருஷத்து அழுகை, பொழுது சாயும்வரை ஓயவில்லை. முனியம்மாள் தம்பியின் காலைக் கழுவ நாலு குடம் தண்ணீர் ஊற்றினாள். கஸ்தூரி அவனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நைனாவா?" என்று கேட்டு, ஆமாம் என்றதும் விளையாடப் போய்விட்டாள்.

கடல் வழி மூடிக்கொள்ள எட்டு நாள் ஆனது. அதற்குள் காட்டூரிலிருந்து இரண்டு பேர் கட்டுச்சோற்றோடு வந்து, அதில் அரை நாள் தூரம் நடந்து பார்த்துவிட்டு, சேறு ரொம்ப அதிகம் என்று திரும்பிவிட்டார்கள்.