பதினான்காம் அடிக்குறிப்பு

1972ஆம் ஆண்டு ஐப்பசியில், சம்பா நடவு முடியும் தறுவாயில், அகரவெளிக் கீழத்தெருவில் காத்தாயியின் வலது தோளுக்கு ஒரு சாண் மேலே 14 என்ற எண் வந்து நின்றது. நாவல்பழம் அளவு, கறுப்பு நிறம், நான்கின் கால் மட்டும் கொஞ்சம் மங்கல். அவள் குனிந்து நாற்று நட்டால் அதுவும் குனிந்தது. மழையில் கரையவில்லை. அதே வாரம் நீலாம்பாளுக்கு 9, மடை பார்க்கிற இராஜாங்கத்துக்கு 11 என்று தெருவில் ஏழெட்டுப் பேருக்கு எண் முளைத்தது. நன்னிலத்தில் ஓர் அரசாங்க ஆபீசின் பழைய ரிக்கார்டு அறைக்கு மேலேயும் 3 நின்றது. அங்கிருந்தவர்கள் அதை அறை எண் என்று எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள்.

எண் வந்தவர்களை எண் வராதவர்கள் நம்பவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அங்கே தந்த வாளியை ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு. ஆளும் கட்சி இரண்டாகப் பிளந்திருந்த சமயம் அது. எதிர் அணிக்குப் போனவர்களின் எண் என்று இரண்டு அணிக்காரர்களும் சொன்னார்கள். பண்ணை போட்ட குறி என்றார்கள் செங்கொடிச் சங்கத்தார். செங்கொடிச் சங்கம் போட்ட குறி என்றார் பண்ணையார். போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து, எல்லாரையும் சமமாகச் சந்தேகப்பட்டு, இரண்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார். அவருடைய முறைதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

விஷயம் தஞ்சாவூரில் இருந்தது. அங்கே ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய ஹமீதா பானு, கூத்தாநல்லூர் வியாபாரக் குடும்பத்துப் பெண், நில உச்சவரம்புச் சட்டத்தைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். சட்டம் வந்ததும் பண்ணை நிலங்கள் மாடு மேய்ப்பவர், சமையல்காரர், செத்துப்போனவர் பெயருக்கெல்லாம் எப்படிப் பிரிந்து ஒளிந்தன என்பதுதான் கட்டுரை. ஆடியில் குடையும் கையுமாகக் கீழத்தெருவுக்கு வந்து விசாரித்துப் போயிருந்தாள். யார் சொன்னது என்று காட்டவேண்டிய வரியின் கடைசியில், டைப்ரைட்டர் உருளையை அரைப் பல் திருகி, எழுத்துக்குச் சற்று மேலே சின்னதாக ஓர் எண்ணை அடிப்பாள். தஞ்சாவூரில் அடித்த எண் அகரவெளியில் போய் நின்றது. எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

கட்டுரையைக் கேட்டிருந்த பம்பாய் ஆராய்ச்சி இதழ், குறிப்புகள் சரியில்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பியது. பக்கத்தின் அடியில் இருந்த குறிப்புகளைக் கட்டுரைக் கடைசிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். குடும்பப் பெயரை முதலில் போடச் சொன்னார்கள். காத்தாயிக்கு முன்னும் பின்னும் காத்தாயிதான் என்று புரியவைக்கவே இரண்டு கடிதம் ஆயிற்று. இடையில் ஹமீதா காத்தாயிக்கு முந்தைய குறிப்பு ஒன்றை நீக்கி, மனசு கேட்காமல் திரும்பச் சேர்த்தாள். அந்த இரண்டு நாளும் காத்தாயி 13 ஆக இருந்தாள்.

கல்லூரி நிர்வாகத்தில் பண்ணையாரின் சம்பந்தி இருந்தார். கட்டுரையில் ஒரு பக்கம் அவர் கண்ணில் பட்டது. அகரவெளியில் செத்த ஆளின் பெயரில் ஐந்து ஏக்கர் பதிவாகியிருக்கிறது என்ற வரி. வரியின் கடைசியில் 14. மறுநாளே பண்ணையின் காரியக்காரன் தியாகேசன் காத்தாயி வீட்டு வாசலில் வந்து நின்று, முகத்தைப் பார்க்காமல் தோளுக்கு மேலே பார்த்துப் பேசினான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணிடு. இல்லேன்னா கூரையப் பிரிச்சிடுவோம்."

குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சட்டம் போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அது அகரவெளிக்கு இன்னும் வந்து சேரவில்லை. காத்தாயி தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினாள். கண்டக்டர் அவள் தோளைப் பார்த்துவிட்டு, பதினாலாம் நம்பர் சீட்டில் இருந்தவரை எழுப்பி அவளை உட்காரச் சொன்னார். அவர் மேலும் அவளுக்குச் சந்தேகம்தான்.

"வாங்க, உள்ள வாங்க" என்ற ஹமீதா அந்த எண்ணைப் பார்த்ததும் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். அது தன் டைப்ரைட்டரின் நான்கு என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. விவரம் கேட்டு அழுதாள். பிறகு சொன்னாள்: "நான் அழிச்சிடுறேங்க. ஒரு நிமிஷ வேலை. உங்க வீடு தப்பிச்சிடும்."

"அழிச்சா நான் சொன்னது?"

"அந்த வரி இருக்கும். நீங்க சொன்னீங்கன்னு இருக்காது. நானே சொன்ன மாதிரி ஆயிடும்."

காத்தாயிக்குச் சுள்ளென்று வந்தது. "செத்தது எம் புருசன் ரெத்தினம். செத்து மூணு வருசம் கழிச்சி, எந்திரிச்சி நடந்துபோயி, நிலம் வாங்கிக் கைநாட்டு வச்சிட்டு வந்தாருன்னு நான்ல சொன்னேன்? அவரு பேர பண்ணை எடுத்துக்கிச்சி. என் பேச்ச நீங்க எடுத்துக்குவீங்களா?"

ஹமீதா எண்ணை அழிக்கவில்லை. பம்பாயிலிருந்து வந்த விதிமுறைத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு, சாயங்காலம்வரை வரி வரியாகப் படித்தாள். ஒரே செய்திக்குச் சாட்சி பலர் இருந்தால் அத்தனை பேரையும் ஒரே எண்ணின் கீழ் அடுக்கலாம் என்று அதில் ஓர் இடத்தில் இருந்தது.

"ரெத்தினம் சாவுக்கு யார் யார் வந்திருந்தாங்க?"

"சாவுக்கு யாருங்க வராம இருப்பாங்க?" என்றாள் காத்தாயி.

புதன்கிழமை ஹமீதா கீழத்தெருவுக்கு வந்தாள். ஒரு கதவும் திறக்கவில்லை. பண்ணைக்குப் பயம், பேப்பருக்குப் பயம், ஏற்கெனவே எண் வந்தவர்களுக்கு இன்னொரு எண் சேருமோ என்று பயம். காத்தாயி யாரையும் சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை. வீடு வீடாகப் போய் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எம் புருசன் சாவுக்கு நீ வந்தியா, வல்லியா?"

எங்கள் பக்கத்தில் எதை வேண்டுமானாலும் இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு சாவுக்குப் போகவில்லை என்று மட்டும், அதுவும் தாலி அறுத்தவள் முகத்துக்கு நேரே, சொல்ல நாக்கு எழாது. "வராமயா? கூடவே உக்காந்து அழுதவ நானு" என்று நீலாம்பாள் கோபமாக வெளியே வந்தாள். பாடை கட்டியவர்கள் வந்தார்கள், பறை அடித்தவர்கள் வந்தார்கள். அன்று யார் என்ன செய்தார்கள் என்று இராஜாங்கம் ஒருவர் விடாமல் சொன்னான். ஹமீதா ஒருவரையும் விடாமல் எழுதிக்கொண்டாள். வியாழக்கிழமை டைப் அடித்துத் தபாலில் சேர்த்தாள்.

வெள்ளிக்கிழமை தியாகேசன் பூதலூர்ப் பக்கத்து ஆட்கள் ஆறு பேரைக் கடப்பாரையோடு அழைத்துக்கொண்டு வந்தான். பதினாலாம் எண்காரி வீடு என்று அவர்களுக்கு அடையாளம் சொல்லியிருந்தான். கீழத்தெரு முழுக்க வாசலில் நின்றது. எல்லார் தோளுக்கு மேலேயும் 14. நீலாம்பாளுக்கு 9, 14 என்று நடுவில் ஒரு காற்புள்ளியோடு. ஆட்கள் எந்தக் கூரையில் கைவைப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி, தியாகேசனின் தோளுக்கு மேலே பார்த்தார்கள். அவனும் அண்ணாந்து பார்த்தான். மை புதிது. நான்கின் கால் மங்கல்.

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்றான்.

"சொன்னீங்கன்னு யாரு சொன்னா?" என்றாள் காத்தாயி. "பண்ணைலேருந்து கோடித்துணி நீங்கதான எடுத்தாந்தீங்க. எம் புருசன் சாவுக்கு வந்தீங்களா, வல்லியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பண்ணையில் அவன் பிழைப்புக்கு ஆபத்தில்லை. கடப்பாரைக்காரர்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தியாகேசன் தோளில் கிடந்த துண்டை எடுத்தான்.

"வந்தேன்" என்றான். "காடு வரைக்கும் வந்தேன்."

கூரை பிரிக்கப்படவில்லை. அன்று சாயங்காலமே பண்ணையார் அவனை வேலையை விட்டு நிறுத்தினார். அடுத்து வந்த காரியக்காரர்கள் ஒருவரையும் அவர் நம்பவில்லை. மாசியில் கட்டுரை அச்சானதும் எண்கள் இனி அழியாதபடி கெட்டியாகிவிட்டன. சில வருஷம் கழித்து ஐந்து ஏக்கரும் உபரி நிலமாகி, அதில் அறுபது குழி, அதாவது சுமார் இருபது சென்ட், காத்தாயிக்கு வந்தது. அப்போதும் அவள் அளந்தவரை நம்பாமல் தன் காலால் ஒரு தடவை அளந்து பார்த்தாள். தியாகேசன் நன்னிலத்தில் உரக்கடை வைத்தான். கீழத்தெருவுக்குக் கல்யாணமாகி வந்த பெண்கள் முதல் சில நாள் எல்லாரிடமும் தோளுக்கு மேலே பார்த்துப் பேசினார்கள். பிறகு முகத்தைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டார்கள்.