ஆல்டர்கம் ஸ்டேஷன் ஊருக்குள் வந்த வரலாறு

ஆல்டர்கம் ரயில் நிலையம் ஆண்டுக்கு நாற்பது கஜம் வீதம் ஊரை நோக்கி நகர்ந்தது. 1926-ல் அது நகரத் தொடங்கியது. ஊருக்குள் புகை வரக்கூடாது என்று பண்ணைப் பிரபு அடம்பிடித்ததால், இரண்டு மைல் தள்ளி டர்னிப் கிழங்கு வயல்களுக்கு நடுவில் கட்டிய நிலையம் அது. ஸ்டேஷன் மாஸ்டர் ஏமஸ் விங்கேட்டுக்கு அதன் மாடியிலேயே வீடு. புது மனைவி டார்கஸ் அங்கே பதினோரு நாள் இருந்தாள். பன்னிரண்டாம் நாள் காலையில் பால் ரயில் போன அதிர்வில், கல்யாணப் பரிசாக வந்த கடைசிக் கோப்பையும் உடைந்தது.

"நான் கட்டிக்கிட்டது உன்னை, இந்தப் பிளாட்பாரத்தை இல்ல. வேற ஊருக்கு மாத்தல் கேளு."

"இதை விட்டுட்டு நான் எங்க போவேன்?"

அவள் ஊருக்குள் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த வாரமே நிலையம் கிளம்பியது.

ஒவ்வொரு வசந்தத்திலும் தண்டவாளத்தை அதன் பின்னால் வளைத்துப் போட நான்கு ஆட்களை நியமித்தார்கள். லண்டனிலிருந்து வந்த அதிகாரி இரண்டு நாள் அளந்துவிட்டு, பழைய வரைபடம் தவறு என்று எழுதிவைத்துப் போனார். "நீதான் வீம்பு புடிக்கிற, ஏமஸ். உன் கட்டடத்துக்கு இருக்கிற புத்தி உனக்கில்லையே!" என்று மதுக்கடையில் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ரயில் கிடையாது. அன்று அவன் மனைவி வீட்டுக்கு நடந்துபோய் வறுத்த ஆட்டிறைச்சி சாப்பிட்டுத் திரும்புவான். இரண்டு பெண்கள் பிறந்தார்கள். இரண்டுமே ஞாயிற்றுக்கிழமைக் குழந்தைகள் என்றது ஊர். வருடத்துக்கு வருடம் அவன் நடக்கும் தூரம் குறைந்தது. அதைப்பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

1964-ல் பாதையை மூடி, தண்டவாளங்களைப் பெயர்த்துப் போனார்கள். மாடியைக் காலி செய்யச் சொல்லி வந்த கடிதத்துக்கு ஏமஸ் பதில் எழுதவில்லை. பிடித்து வைக்க இரும்பு இல்லாததால் நிலையம் வேகமெடுத்தது. வேலிகளைத் தாண்டியது, ஓடையைக் கடந்தது. அவன் சீருடையோடு உள்ளேயே இருந்தான். இரண்டு ஞாயிறு அவனைக் காணோம். மூன்றாம் ஞாயிறு, டார்கஸ் ஆறவைத்த இறைச்சியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, முப்பத்தெட்டு வருடத்தில் முதன்முறையாக ஸ்டேஷனைத் தேடிப் புறப்பட்டாள். தூரம் போக வேண்டியிருக்கவில்லை. தேவாலயத் திருப்பத்தில் அது எதிரே வந்துகொண்டிருந்தது. கூடவே நடந்தபடி டிக்கெட் ஜன்னலைத் தட்டினாள்.

"ரெண்டு வாரமா ஏன் வரல? செத்துட்டியோன்னு பயந்துட்டேன்!"

"ஓடுறப்ப எறங்கினா திரும்ப எப்படிப் புடிக்கிறது? எனக்கு அறுபத்துநாலு வயசு, டார்கஸ்."

அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவள் இறைச்சிப் பொட்டலத்தை ஜன்னல் வழியே உள்ளே நீட்டினாள்.

"சரி, கதவைத் திற. நான் ஏறிக்கிறேன்."

அவள் கால் பட்டதும் நிலையம் நின்றது. பிறகு அசையவில்லை. அடுத்த மாதம் ஊர் மன்றம் கூடி அதற்குக் கதவு எண் கொடுத்தது. பேருந்தை அதன் பிளாட்பாரத்தில் நிறுத்தச் சொன்னது. தேவாலயச் சுவருக்கும் அதற்கும் இடையே மூன்றடிதான் இடைவெளி என்பதால், ஆல்டர்கம்மில் கல்யாண ஊர்வலங்கள் ஒற்றை வரிசையில் போகின்றன.