கதவருகே ஒரு நாற்காலி

டாக்டர் காலமானதும் அவர் பெயரில் ஏதாவது செய்யவேண்டும் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அவர் மனைவியின் தம்பி சிலை வைக்கலாம் என்றார்.

"உயிரோட இருந்தப்பவே ஒரு இடத்துல நிக்க மாட்டார். சிலையா வெச்சா மட்டும் நிப்பாரா?" என்று அக்கா அவர் வாயை அடைத்துவிட்டாள்.

கடைசியில் உதவித்தொகை என்று முடிவாயிற்று. குடும்ப மருத்துவம் படிக்கும் இளம் டாக்டர்களில் ஒருவருக்கு, அவர் விரும்பும் துறையில் சில மாதம் கூடுதல் பயிற்சி. ஆளைத் தேர்ந்தெடுக்க மூன்று பேர்: கல்லூரிப் பேராசிரியர், தம்பி, அப்புறம் அவள். காய்ச்சலையும் களைப்பையும் பிரித்துச் சொல்லத் தெரியாவிட்டாலும், டாக்டரைக் கட்டிய புண்ணியத்துக்கு ஊரே அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டது.

நேர்காணல் டாக்டரின் பழைய அறையில் நடந்தது. மேசை, எடை பார்க்கும் இயந்திரம், கதவருகே அந்த நாற்காலி, எல்லாம் அப்படியே இருந்தன. வருகிறவர்கள் மேசை முன்னால் உட்கார்ந்து இருமல் என்பார்கள். எழுந்து கதவுப் பிடியில் கை வைத்த பிறகுதான் உண்மையான தொல்லை வெளியே வரும். அதற்காகவே டாக்டர் அங்கே ஒரு நாற்காலி போட்டு, அவர்களை மறுபடி உட்காரவைத்து, "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்பார். மேசை முன்னால் இருந்தபோது இவர்கள் நாக்கு என்ன வாடகைக்குப் போயிருந்ததா என்று டாக்டரம்மா காலமெல்லாம் கேலி செய்திருக்கிறாள்.

முதலில் வந்த பையன் முகத்தை மெருகேற்றும் லேசர் சிகிச்சை கற்கவேண்டும் என்றான். குடும்ப மருத்துவத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பேராசிரியர் கேட்டதற்கு, குடும்பத்தில் எல்லோருக்கும் முகம் இருக்கிறதே என்றான். அடுத்தவர் பேசியது தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. அதனால் நிறையத் தலையாட்டினார்.

மூன்றாவதாக வந்த பெண், முதியவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் பயிற்சி வேண்டும் என்றாள். இது கிடைக்காவிட்டால் அந்தப் பயிற்சிக்குத் தனக்கு வேறு வழியில்லை என்பதையும் மறைக்கவில்லை. வயதானவர்கள் வலியைச் சொல்லமாட்டார்கள், எப்படிக் கேட்பது என்று தனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்றாள். டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. மாடி ஏறினால் அவளுக்கும் நெஞ்சை இறுக்குகிறது. அவர் போனபின் வேறொரு டாக்டரிடம் கையை நீட்ட மனம் ஒப்பாமல் அதை யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. பயமும் இருந்தது.

வந்தவர்களை வழியனுப்பும் வேலை அவளுடையது. கதவைத் திறந்துவிடப் பிடியில் கை வைத்தாள். அவ்வளவுதான், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அது சரிம்மா, மாடி ஏறினா நெஞ்ச இறுக்குது, உட்கார்ந்தா விட்டுடுது. அது வயசுதானே?"

அந்தப் பெண் போகவில்லை.

"இத நான் டாக்டரா கேட்டா நீங்க என் பேஷன்ட் ஆயிடுவீங்கம்மா. அப்புறம் என்னைத் தேர்ந்தெடுக்குற குழுவுல நீங்க இருக்கக் கூடாது. பட்டியல்ல இருந்து என் பேர எடுத்துடச் சொல்லுங்க. இப்ப முதல்ல உட்காருங்க."

எந்த நாற்காலியைக் கேலி செய்தாளோ அதிலேயே டாக்டரம்மா உட்கார்ந்தாள். பிறகு மேசைப் பக்கம் திரும்பினாள்.

"டேய் தம்பி, நான் குழுவுல இருந்து விலகிட்டேன்."

"என்னக்கா இது, மாமா பேர்ல நடக்குறது..."

"மாமா பேருக்கு ஆள் தேட நீங்க ரெண்டு பேர் போதும். எனக்கு டாக்டர் கிடைச்சாச்சு."

அப்படியென்றால் அந்தப் பெண்ணின் பெயரை எடுக்கவேண்டிய அவசியமில்லை என்றார் பேராசிரியர். இனி வேறு யாரையும் கூப்பிட்டுப் பார்க்கவேண்டியதும் இல்லை என்று பேனாவை மூடிவைத்தார். தம்பி இந்தத் தடவை புரிந்தே தலையாட்டினார்.

பெண் அதையெல்லாம் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. நாடி பார்த்தாள், எப்போதிருந்து என்று கேட்டாள், இன்றைக்கே ஈசிஜி எடுக்கவேண்டும், நானே கூட வருகிறேன் என்றாள். டாக்டரம்மா சரி என்று எழப்போனாள்.

"வேற ஏதாவது இருக்காம்மா?"

அதே கேள்வி. டாக்டரம்மாவின் கண் நிறைந்துவிட்டது.

"தனியா உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கலம்மா" என்றாள்.

அதற்கு மாத்திரை கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். பெண் பையைக் கீழே வைத்துவிட்டு, மேசை முன்னாலிருந்த நாற்காலியைக் கதவருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.