நிழல் ரெண்டு

தாராபுரத்துக்கு அப்பால், தீவின் கடலோரத்து நீர்ப்பூங்காவில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதலில் பழகியது சிரிக்க. அடுத்தது வோக்கிடோக்கியில் சங்கேதச் சொற்களில் பேச. தின்றதைச் சத்தியெடுத்த பிள்ளை ‘மழை’. சண்டைக்கு வருகிறவர், சுழற்றியடிக்கும் காற்றின் பெயரில், ‘சோளகம்’. சீட்டு மட்டும் வாங்கி, வீட்டுச் சோற்றோடு வந்து, கடையில் ஒரு சோடாகூட வாங்காமல் குடைக்குக் கீழே குந்தியிருப்பவர்கள் ‘நிழல்’. அந்தச் சொல் ஜெனுஷாவின் கண்டுபிடிப்பு. மனேச்சரே கைதட்டினார்.

சொற்களை வெளியே சொன்னால் வேலை போகும். ஜெனுஷா தினமும் வீட்டில் சொன்னாள். கடலுக்குப் போய் வந்த அலுப்பிலும் அப்பா அமிர்தநாயகம் விழுந்து விழுந்து சிரிப்பார். “நிழலாம், கேட்டீரே லூசியா” என்று அம்மாவையும் சிரிக்க வைப்பார்.

அவளை வேலையில் நிரந்தரமாக்கும் கடிதம் மனேச்சரின் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்த கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் இருவரும் வந்து இறங்கினார்கள். மகள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க ஆசை, அதில் என்ன குற்றம்? கோயிலுக்குப் போகும் உடுப்பு, கையில் அவளுக்கும் சேர்த்துக் கட்டிய சோற்றுப் பார்சல். வெளியேறும் கேற்றடியில் நின்ற ஜெனுஷா தூரத்திலேயே கண்டுவிட்டாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கலாம். போகவில்லை. வெட்கப்பட்டாள், அதற்கு வேறு பெயர் கிடையாது.

வோக்கி இரைந்தது. கூட வேலை செய்யும் றோய். “நிழல் ரெண்டு. மூண்டாம் குடை. எழுப்பப் போறன்.”

எழுப்பவும் ஒரு முறை உண்டு. இந்த இடம் ஏற்கெனவே புக் பண்ணியாச்சு என்று சிரித்தபடி சொல்ல வேண்டும். றோய்க்கு அதைப் பழக்கியதும் அவள்தான்.

சற்றுப் பொறுத்து மறுபடி றோய். “ஜெனுஷா, நான் கதைச்சது அந்த ஐயாவுக்குக் கேட்டிட்டுது. ‘ஓம் தம்பி, நிழல் எழும்புது’ எண்டு சொல்லிக்கொண்டு எழும்பிறார். எங்கட சொல்லு அவருக்கு எப்பிடித் தெரியும்? உமக்குத் தெரிஞ்ச ஆக்களே?”

வோக்கியில் பேசுவதெல்லாம் மனேச்சருக்கும் கேட்கும்.

“இல்லை,” என்றாள் ஜெனுஷா. “எனக்கு அவையளைத் தெரியாது.”

றோயின் கையிலிருந்த வோக்கியில் அந்தப் பதிலை அவர்களும் கேட்டார்கள்.

இருவரும் கேற்றடிக்கு வந்தார்கள். பார்சல் அவிழ்க்காமலே அம்மாவின் கையில் இருந்தது. அதை நீட்டப்போனவளின் கையை அப்பா பிடித்து நிறுத்தினார்.

“போயிட்டு வாறம், மிஸ்,” என்றார்.

வெளியே போகிறவர்கள் எல்லாருக்கும் சிரித்துச் சொல்ல வேண்டிய வசனம் ஒன்று இருந்தது. ஜெனுஷா சிரித்தாள்.

“திரும்பவும் வாங்கோ.”