தொடக்கூடாத கார்

கருமாதி முடிந்த மறுநாளே யசோதினி பசறைக்கு ஆள் அனுப்பி மெக்கானிக் ஷுக்ரியை வரவழைத்தாள். தாலி இறங்கிய ஈரம் காயவில்லை, அதற்குள் காரைத் தேடுகிறாளே என்று லயத்து வரிசை வீடுகளில் நாலு வாய் நாலு விதமாகப் பேசியது. பேசட்டும். அந்த வாய்களா நாளைக்கு அவள் அடுப்பில் உலை வைக்கப்போகின்றன?

புருஷன் சுரேஸ் விட்டுப்போனது அந்தச் சின்ன வெள்ளைக் காரைத்தான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஆறு பேரைப் பசறைப் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் ஏற்றி இறக்கினான். அவளுக்கும் ஓட்டப் பழக்கி, பதுளைக்குக் கூட்டிப்போய் லைசன்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தான். நவம்பர் மழையில் ஆறு பெருகி, கார் சீட்டு வரைக்கும் முங்கியது. கயிறு கட்டி இழுத்து மேலே ஏற்றிவிட்டுத் திரும்பியவன்மேல் மண்மேடு சரிந்தது. வெள்ளத்துக்கு மூடிய பள்ளிக்கூடம் திங்கட்கிழமை மறுபடி தொடங்குகிறது. கார் ஓடினால் அவள் டிரைவர். ஓடாவிட்டால் கூடையை மாட்டிக்கொண்டு மறுபடியும் கொழுந்து பறிக்கப் போகவேண்டியதுதான்.

வெள்ளம் வடிந்த மூன்றாம் நாளே ஷுக்ரி ஒருமுறை வந்து தண்ணீரை இறக்கி, எண்ணெய் மாற்றி, எஞ்சினை ஓடவைத்திருந்தான். போகும்போது படித்துப் படித்துச் சொன்னான்.

"எஞ்சின் பொழச்சிருச்சி தங்கச்சி. ஆனா கிளச்சுக்குள்ள தண்ணி பூந்திருக்கு. தெனமும் ஸ்டார்ட் பண்ணி, கிளச்ச மிதிச்சு, கொஞ்சம் முன்னப் பின்ன எடுங்க. சும்மா விட்டா துருப்புடிச்சு பிளேட் ஒட்டிக்கிரும்."

அதற்குத்தான் சுரேஸின் அண்ணன், தோட்டத்துக் கங்காணி கஜேந்திரன் குறுக்கே விழுந்தான். "செத்தவன் வண்டி. சாவுத் துடக்கு கழியிறதுக்குள்ள பொம்பள அதத் தொடலாமா? பதினாறு முடியட்டும்" என்று சாவியை வாங்கித் தம்பி படத்துக்கு முன்னால், விளக்கோரம் வைத்தான். சாவு வீட்டில் சட்டம் பேச ஆளா இல்லை! பெரியவர்களும் தலையாட்டினார்கள். யசோதினி மூலையில் உட்கார்ந்து அழுதாள். புருஷனுக்காக அழுகிறபோதே, அங்கே கிளச்சு துருப்பிடிக்கிறதே என்றும் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகவும் சேர்த்து அழுதாள்.

இப்போது ஷுக்ரி சீட்டில் ஏறி எஞ்சினை ஓடவிட்டு, கிளச்சை மிதித்துக் கியரைத் தள்ளினான். கரகரவென்று கத்தியதே தவிர விழவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளினான். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் சத்தமில்லாமல் விழுந்தன. கிளச்சுக் கேபிளும் நன்றாகத்தான் இழுத்தது. முன்சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, கியரில் போட்டு, யசோதினியைக் கிளச்சை மிதித்துப் பிடிக்கச் சொல்லிச் சக்கரத்தைக் கையால் சுற்றினான். அசையவில்லை.

"மிதிச்சா இது லேசா சுத்தணும். பிளேட் ஒட்டிருச்சி. பயப்படாதீங்க, கழட்டித் துருவச் சொரண்டிப் போட்டா ஞாயித்துக்கெழமைக்குள்ள ஓடும்."

அப்பாடா! பதினேழு நாளில் அன்றுதான் அவளுக்கு மூச்சு முழுசாக வந்தது. "தேத்தண்ணி குடிச்சிட்டு வேலையப் பாருங்கண்ணே" என்றாள்.

கடைசியாக ரிவர்ஸைப் போட்டுப் பார்த்த ஷுக்ரியின் முகம் சுருங்கியது. கீழே படுத்துக் கியர் எண்ணெயை இறக்கினான். எண்ணெயோடு இரும்புத் துணுக்குகள் விழுந்தன. அதிலொன்று பாதிப் பல்.

"துரு பல்ல ஒடைக்காது தங்கச்சி. ஒட்டின கிளச்சோட யாரோ எஞ்சின ஓடவிட்டு, ரிவர்ஸ வம்புக்கு இடிச்சு இடிச்சுப் போட்டிருக்காங்க. கியர்பாக்ஸே போச்சு, மாத்துறதுன்னா லட்சக்கணக்குல ஆகும். நான் போனதுக்கப்புறம் யாரும் தொடலன்னீங்களே?"

சாவி இருந்த இடத்துக்குக் காலையும் மாலையும் விளக்கேற்றப் போனவன் ஒருவன்தான். கூடி நின்ற அத்தனை பேரும் கஜேந்திரனைப் பார்த்தார்கள்.

"நீங்களா மாமா?"

"பெரகலயிலருந்து ஒருத்தன் வெலைக்குப் பாக்க வந்தான். வண்டியப் பின்னால எடுத்துக் காட்டலாம்னு ரிவர்ஸப் போட்டேன். எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான்."

படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில்!

"அப்ப துடக்கு?"

"ஆம்பள தொட்டா அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றான் கஜேந்திரன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே.

"நான் தொட்டிருந்தா இன்னிக்கி ஓடியிருக்கும்! அவரு உசுரக் குடுத்து ஏத்தின வண்டி. பாவி, நீங்க கொன்னுட்டீங்களே!" என்று யசோதினி தெருவே அதிரக் கத்தினாள். கங்காணியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினாறு நாள் அவளுக்குச் சட்டம் சொன்ன பெரியவர்களுக்கு அன்றைக்கென்று வேலை வந்துவிட்டது. இரண்டு பெண்பிள்ளைகளை அந்தக் காரில் அனுப்பும் ஜெயலெட்சுமி மட்டும் கிட்ட வந்தாள்.

"மனசுல வச்சிக்காத புள்ள. பசற வேனுக்குச் சொல்லிவிடுறேன். படிப்பு கெடக் கூடாதுல்ல."

திங்கட்கிழமை விடிந்ததும் யசோதினி வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய்ப் பெண்களோடு வரிசையில் நின்றாள். கீழே ரோட்டில் வேன் ஹாரன் அடித்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தது. கஜேந்திரன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வந்தான்.

"யசோதினி."

அவள் வேனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கூப்பிட்டாப் பதில் சொல்லணும். இல்லாட்டி இன்னிக்கிப் பேரு விழாது, சம்பளமும் கெடையாது."

"இருக்கேங்க, கங்காணி" என்றாள்.