காரணத்தைச் சொல்ல முடியுமா, மேடம்?

நாள் முழுக்கப் பேசிச் சம்பாதிக்கிறவனுக்கு அலுவலகத்தில் மௌனச்சாமி என்று பெயர். ஹெட்போனைக் கழற்றினால் வாய்க்குப் பூட்டு. சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருக்க, இவன் தன் டப்பாவுக்குள் எதையோ தொலைத்துவிட்டவன்போல் குனிந்திருப்பான்.

வேலை என்னவோ வாய் வேலைதான். கூரைமேல் டிஷ் வைத்து வீடு வீடாக டிவி காட்டுகிற கம்பெனி அது. போதும், கனெக்ஷனை வெட்டிவிடுங்கள் என்று கூப்பிடுகிறவர்களைப் போகவிடாமல் பிடித்து வைப்பது இவன் பிரிவின் பிழைப்பு. முன்பெல்லாம் வீடு மாறுகிறவர்கள்தான் வெட்டச் சொல்வார்கள். இப்போது எல்லாருக்கும் ஒரே பாட்டு: "நெட்லயே எல்லாம் வருதே சார், பாதிக் காசுல." அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்பது திரையில் எழுதியிருக்கும். முதலில் காரணம் கேட்க வேண்டும். பிறகு வேறு ஏதாவது சிரமம் உண்டா என்று கேட்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் மூன்று சலுகைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்ட வேண்டும். மூன்றையும் வேண்டாம் என்று வாடிக்கையாளர் வாயால் சொன்னால்தான் ரத்து செய்யும் பட்டன் திரையில் தலை காட்டும்.

நடுவில் பேச்சு நிற்கக் கூடாது. மூச்சு வாங்குகிற நேரத்துக்கு மேல் நின்றால் திரையின் ஓரம் சிவக்கும். டீம் லீடரின் திரையிலும் சிவக்கும்.

வீட்டில் அந்தச் சிவப்பு கிடையாது. அதனால் வீட்டுக்குப் போனதும் பேச்சைச் செருப்போடு வாசலிலேயே விட்டுவிடுவான். எது கேட்டாலும் 'ம்'. சம்மதம், மறுப்பு, பார்க்கலாம், காதில் விழவில்லை என எல்லாமே அந்த ஒரு எழுத்துக்குள் அடக்கம் என்பது அவன் கணக்கு. மனைவியின் கணக்கு வேறு. அதை அவன் விசாரித்ததில்லை. பேசாமல் இருக்கிற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று எங்கோ படித்ததை வசதியாக நம்பிக்கொண்டிருந்தான். அவள் பேசாமல் இருக்கிறவள் இல்லை என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

அன்று காலை டீம் லீடர் வந்து அவர்கள் வரிசைக்கு நடுவில் நின்றாள். இவனைவிட வயதில் சின்னவள்.

"மேலேருந்து சொல்லிட்டாங்க. இந்த வரிசைல ஒருத்தரைக் குறைக்கணுமாம். வெள்ளிக்கிழமை நான் பேர் கொடுக்கணும். யாரு அதிகமா கஸ்டமரை விட்டிருக்காங்களோ அவங்க பேர்தான் போகும். என்னைத் திட்டிப் பிரயோஜனமில்ல."

போகும்போது இவன் நாற்காலியில் கை வைத்தாள். "அண்ணா, நீங்களும் உங்க பக்கத்து சீட்டும் அடில சமமா நிக்கறீங்க. இனிமே ஒருத்தரையும் விட்டுடாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

பக்கத்து சீட்டுக்காரன் நாற்காலியோடு உருண்டு வந்தான். "என்ன மௌனச்சாமி, போட்டி நமக்குள்ளயா? நீ பேசாமலே ஜெயிச்சுடுவ. நான்தான் இப்பவே வேற வேலை தேடணும் போலிருக்கு."

மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. மழை வந்தால் சிக்னல் போகும். சிக்னல் போனால் போன் வரும். வரிசை முழுக்க மன்னிப்புக் கேட்கும் குரல்கள். நடுவில் பக்கத்து சீட்டுக்காரன் ஹெட்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புலம்பினான்.

"யாரோ ஒரு அம்மா. நான் வணக்கம் சொன்னதும் வெச்சுடறாங்க. ரெண்டு தடவை ஆச்சு. என் குரல் அவ்வளவு மோசமாவா இருக்கு?"

அடுத்த அழைப்பு இவனுக்கு வந்தது.

"வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"அப்பாடா. கடைசில கிடைச்சீங்களா?"

மனைவியின் குரல். திரையில் அவன் வீட்டு முகவரி. இணைப்பு அவள் பெயரில்தான். புது வாடிக்கையாளருக்குச் சலுகை உண்டென்று அவனே அவள் பெயரில் வாங்கியது. சொந்தக்காரர்கள் கூப்பிட்டால் வேறு ஆளுக்கு மாற்றிவிட வேண்டும் என்பது விதி. கை தானாக அந்தப் பட்டன் பக்கம் போயிற்று.

"மாத்தி விட்டுடாதீங்க. மாத்தினா வெச்சுட்டு மறுபடியும் அடிப்பேன். நீங்க எடுக்கற வரைக்கும் அடிப்பேன். இன்னைக்கு எனக்கு வேற வேலை இல்ல."

"மேடம், இந்த அழைப்பு பதிவு செய்யப்படுது."

"நல்லதாப் போச்சு சார். வீட்ல சொன்னதுக்கெல்லாம் சாட்சியே இல்ல. இதுக்காவது இருக்கட்டும். கனெக்ஷனை வெட்டணும்."

திரையின் ஓரம் சிவக்கத் தொடங்கியது. எழுதியிருந்ததைப் படித்தான்.

"காரணத்தைச் சொல்ல முடியுமா, மேடம்?"

"காரணமா? மாசக்கணக்கா ஒருத்தர்கிட்ட சொல்லிட்டிருக்கேன். அவரும் உங்க கம்பெனிதான். ரொம்ப அமைதியானவர்னு பேராமே, விசாரிச்சுப் பாருங்க. 'நம்ம பொண்ணு நெட்ல எல்லாம் செட் பண்ணிக் கொடுத்துட்டா, டிவில அதுவே வருது, இதுக்கு எதுக்கு தண்டம் அழணும், வெட்டிடலாங்க'ன்னேன். 'ம்'னாரு. மறுபடி கேட்டேன். 'ம்'. சுவத்துக்கிட்ட சொல்லியிருந்தா சுண்ணாம்பாவது உதிர்ந்திருக்கும்."

பக்கத்து சீட்டுக்காரன் திரும்பிப் பார்த்தான். இவன் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

"வேற ஏதாவது சிரமம் இருக்கா, மேடம்?"

மறுமுனையில் குரல் கொஞ்சம் இறங்கி வந்தது.

"இதை நீங்களாக் கேக்கறீங்களா, எழுதி வெச்சிருக்கறதைப் படிக்கறீங்களா?"

"எழுதியிருக்கு."

"அதானே பாத்தேன். எழுதினவங்க நல்லா இருக்கட்டும். சொல்றேன், கேட்டுக்குங்க. மழை வந்தா உங்க டிவி நின்னுடும். நின்னா எங்க மாமாவுக்கு உலகமே நின்ன மாதிரி. அவருக்கு முட்டி மடங்காது. அதனால நான்தான் பின்பக்கம் இரும்பு ஏணில ஏறி மேல போவேன். ஒரு கைல குடை, ஒரு கைல டிஷ்ஷு. 'வந்துச்சா மாமா?' 'வரல.' 'இப்ப?' 'வந்துச்சு, வந்துச்சு, ஐயோ போச்சு.' நாங்க ரெண்டு பேரும் கத்தற கத்துல தெருவே எங்க வீட்டு நியூஸைத்தான் பாத்துக்கிட்டிருக்கு."

"..."

"இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்."

"போன வாரம் ஏணில கால் வழுக்கிடுச்சு."

அவனுக்குத் தெரியும். தெரியும் என்றால், அவள் முழங்கையில் துணி சுற்றியிருந்ததைப் பார்த்திருந்தான். இடது கையால் அவள் தண்ணீர் எடுத்து வைத்ததைப் பார்த்திருந்தான். "வழுக்கிடுச்சு" என்று அவள் சொன்னதும் காதில் விழுந்திருந்தது. எங்கே என்று கேட்கவில்லை. குளியலறை என்று தானாகவே ஒரு பதிலை எழுதி முடித்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நோண்டி நோண்டிக் கேட்காமல் இருப்பது ஒரு மரியாதை என்று அவனுக்குள் ஓர் எண்ணம் இருந்தது. சோம்பலுக்கு இத்தனை நாள் நல்ல சட்டை போட்டுவிட்டிருக்கிறோம் என்று இப்போது, ஹெட்போனின் இரைச்சலில், வாடிக்கையாளர் எண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

திரை சிவந்தது. அவன் முதல் சலுகையை நீட்டினான்.

"உங்களுக்காக மூணு மாசம் பாதிக் கட்டணம்..."

"வேண்டாம்."

"விளையாட்டு சேனல் எல்லாம் இலவசமா..."

"யாருக்கு? முட்டி மடங்காத எங்க மாமாவுக்கா? வேண்டாம்."

அப்போது அவள் குரலுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. அவன் அப்பா. "ஏம்மா, மறுபடியும் போச்சு. மேல போய்க் கொஞ்சம் திருப்பி விடறியா?" அதற்குப் பின்னால் அவன் வீட்டுக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம்.

"போன்ல இருக்கேன் மாமா!"

"சீக்கிரம் வெச்சுட்டுப் போம்மா. முக்கியமான கட்டம்."

மூன்றாவது சலுகையை அவன் வாய் பழக்கத்தில் படித்துவிட்டது. "எங்க டெக்னீஷியன் இலவசமா வீட்டுக்கு வந்து டிஷ்ஷை இடம் மாத்தி, மழையிலும் சிக்னல் நிக்காத மாதிரி சரி பண்ணிக் கொடுப்பார்."

"இலவசமாவா?"

"ஆமா மேடம்."

"இதை ஏங்க முதல்லயே சொல்லல? வீட்ல உக்காந்துக்கிட்டு?" அந்த 'சார்' அவள் பேச்சிலிருந்து நழுவிவிட்டிருந்தது. "நெஜமாவே வந்து சரி பண்ணுவாங்கன்னா, மாமாவுக்காக வேணா வெச்சுக்கலாம். அவருக்கு அந்த நெட்டு ஒத்துக்கல. 'நான் எதுக்குத் தேடணும், அதுவா வரணும்'ங்கறாரு. வருவாங்களா?"

ஆம் என்று சொன்னால் போதும். ஒரு வாடிக்கையாளர் தங்கிவிடுவார். அடியில் சமமாக நிற்கும் இரண்டு பேரில் இவன் ஒரு படி மேலே போவான். டெக்னீஷியன்களில் பாதிப் பேரைப் போன வருஷமே அனுப்பிவிட்டார்கள் என்பதும், மீதிப் பேர் வாசல் வரைகூடப் போகாமல் 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதி முடித்துவிடுவார்கள் என்பதும் அந்த வரிசையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே ஒரு நாளைக்கு எத்தனையோ முறை ஆம் சொல்லியிருக்கிறான். அந்த ஆம்கள் எந்தெந்த வீட்டு ஏணியில் போய் நின்றன என்று யோசித்ததில்லை.

திரையின் ஓரம் சிவந்து, விட்டு விட்டு மின்னத் தொடங்கியது. தூரத்தில் டீம் லீடர் தலையைத் தூக்கினாள்.

"கேக்கறேன்ல? வருவாங்களா?"

"வர மாட்டாங்க."

"என்ன?"

"தேதி கொடுப்போம். அன்னைக்கு வர மாட்டாங்க. மறுபடி கூப்பிட்டா இன்னொரு தேதி கொடுப்போம். நீதான் ஏறிக்கிட்டிருப்ப." தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. "வேண்டாம்னு சொல்லு."

"நீங்க என்ன..."

"மூணாவதும் வேண்டாம்னு உன் வாயால சொல்லணும். அப்பதான் பட்டன் வரும். சொல்லு."

"வேண்டாம்."

பட்டன் வந்தது. அழுத்தினான்.

"எங்கள் சேவையைப் பயன்படுத்தியதற்கு நன்றி" என்று படிக்க வேண்டும். அதற்குள் டீம் லீடர் வந்து நின்றுவிட்டாள்.

"அண்ணா, 'வர மாட்டாங்க'ன்னா சொன்னீங்க? ரெக்கார்டுல?"

"சொன்னேன்."

"யாரு அது?"

"வீட்ல."

அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "மாத்தி விட்டிருக்கலாமே அண்ணா! வேற யார் கணக்குலயாவது போயிருக்குமே! காலைலதானே தொண்டை வறளச் சொன்னேன்? நான் இப்ப உங்களை எங்க கொண்டுபோய் ஒளிச்சு வைக்கறது?"

பக்கத்து சீட்டுக்காரன் தன் திரையையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "அண்ணிக்கு நான் ஒரு வணக்கம் சொன்னேன்னு சொல்லு. ரெண்டு தடவை என் வணக்கத்தை வாங்காம வெச்சாங்கல்ல, அதுலதான் நான் பொழைச்சேன்."

அதில் நக்கல் எவ்வளவு, வருத்தம் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா டிவிக்கு எதிரில் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மருமகள் நெட்டில் ஏதோ பழைய தொடரைப் போட்டுக் கொடுத்திருந்தாள். அது ஒரு பகுதி முடிந்ததும் தானாக அடுத்த பகுதிக்குத் தாவிக்கொண்டிருந்தது.

"என்னடா இது, விளம்பரமே போட மாட்டேங்கறான்?" என்றார் அப்பா. "மனுஷன் எப்ப எழுந்திருக்கறது, எப்ப பாத்ரூம் போறது? அந்தக் கம்பெனில என்ன குறைன்னு இதைப் பிடிச்சுக்கிட்டு வந்தீங்க?"

எப்போதும்போல் அவரைத் தாண்டி உள் அறைக்குப் போய்விட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டிவிட முடியும். வெள்ளிக்கிழமைக்குப் பிறகுகூட வேலைக்குப் போகிறவன்போல் காலையில் கிளம்பிப் போய் எங்காவது உட்கார்ந்துவிட்டு வருகிற ஆள்தான் அவன். அது அவனுக்கே தெரிந்தது. பயமாக இருந்தது.

சமையலறை வாசலில் போய் நின்றான். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"வெள்ளிக்கிழமை என் பேரைக் கொடுத்துடுவாங்க."

"எதுக்கு?"

"பக்கத்து சீட்டுக்காரனும் நானும் சமமா இருந்தோம். இப்ப அவன் மேல போயிட்டான். மழைனால நிறையப் போன் வந்துச்சு. ஆளைக் குறைக்கறாங்க. காலைல சொன்னாங்க." வால் முன்னாலும் தலை பின்னாலுமாக வந்தது. பழக்கமில்லாத வேலை.

கத்தி நின்றது. அவள் மெல்ல மெல்ல அதைச் சேர்த்து எடுத்துக்கொள்வது முகத்தில் தெரிந்தது.

"என்னோட போனாலயா?"

"கடைசிப் போன் உன்னோடது. அதுக்கு முன்னாடி எத்தனையோ பேரை விட்டிருக்கேன்."

"அதை அங்கயே சொல்றதுக்கென்ன? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, 'சரி சார், இருக்கட்டும் சார்'னு வெச்சிருப்பேனே!"

"தெரியும்."

"தெரிஞ்சா? தெரிஞ்சும் வாயைத் திறக்கலையா?"

"சொல்லியிருந்தா நீ மறுபடியும் ஏணில ஏறியிருப்ப."

"நான் எதுக்கு ஏறறேன்? உங்களை ஏத்தி விட்டிருப்பேன்!" கத்தியைப் பலகைமேல் போட்டாள். கண்ணில் தண்ணீர். வெங்காயமா, கோபமா தெரியவில்லை. "ஐயோ, இந்த மனுஷனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? பேசாமயே இத்தனை வருஷம் கொல்றீங்க. ஒரு நாள் பேசினீங்க, அதுக்கு வேலையைக் கொடுத்துட்டு வந்து நிக்கறீங்க. நடுவுல ஒரு வழியே உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாதுதான். அவன் அதைச் சொன்னான். "தெரியல."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த முழங்கையில் பழுப்பும் பச்சையுமாக ஒரு தடம் இன்னும் இருந்தது.

"வலிக்குதா?" என்றான்.

"இப்பக் கேளுங்க. வீக்கமெல்லாம் வத்தின பிறகு." ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "சரி, வெள்ளிக்கிழமைக்கு நாள் இருக்கு. உங்க டீம் லீடர்கிட்டப் பேசிப் பாக்க முடியுமா, வேற எந்தப் பிரிவுலயாவது இடம் இருக்கா, கைல என்ன வரும், எல்லாத்தையும் முதல்லேருந்து ஒழுங்காச் சொல்லுங்க. வாலைப் பிடிச்சு ஆரம்பிக்காதீங்க."

கூடத்திலிருந்து அப்பா கத்தினார். "யாராவது வந்து இதைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்! நான் எழுந்திருக்கணும்!"

அவன் போய் நிறுத்திவிட்டு, அப்பாவைக் கைத்தாங்கலாக எழுப்பி அனுப்பிவிட்டு வந்தான். சமையலறையில் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் மீதி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

"காலைல நான் போய் உக்காந்ததும்," என்று தொடங்கினான், "டீம் லீடர் வந்து எங்க வரிசைக்கு நடுவுல நின்னாங்க."